இரு முழக்கங்களின் மாநிலம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்கே அமைந்த அலபாமா, நம்மவர் விரும்பிச் சுற்றுலாச் செல்லும் மாநிலமன்று. நயாகராவைப் போன்றதோர் அருவி அங்கில்லை. நியூயார்க்கின் வானளாவிய மாளிகைகளும் இல்லை. செம்மண் நிலமும், ஊசியிலைக் காடுகளும், பருத்தி வயல்களும், மெல்ல நகரும் ஆறுகளும்தாம் அதன் செல்வங்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாநிலம் முழுவதிலும் வாழ்வோர் ஏறத்தாழ 50 லட்சம் பேரே. ஆயினும், மனிதர் ஒருவரையொருவர் எதிர்கொள்ளும் முறையில் ஆர்வமுள்ள எவருக்கும் அந்த மாநிலம் ஒரு பெரும் பள்ளிக்கூடம் என்றே கூறுவேன்.

அங்கே குடியேறும் புதியவரிடம் அண்டை வீட்டார் பெயர் கேட்பர், ஊர் கேட்பர், மூன்றாவதாக, "அலபாமாவா, ஆபர்னா?" என்று கேட்பர். இது ஊர் விசாரணையன்று, கட்சி விசாரணை. டஸ்கலூசா நகரில் உள்ள அலபாமா பல்கலைக் கழகம் ஒரு புறம். ஆபர்ன் நகரில் உள்ள ஆபர்ன் பல்கலைக் கழகம் மறுபுறம். இவ்விரண்டின் கால்பந்துக் குழுக்களுக்கு மாநில மக்கள் அனைவரும் பங்கு பிரிக்கப்பட்டுவிட்டனர். அக்கல்லூரிகளின் வாசற்படியைக்கூட மிதிக்காத தச்சரும், லாரி ஓட்டுநரும், நாவிதரும் இதற்கு விலக்கல்லர். (கால்பந்து என்றதும் நாம் அறிந்த ஆட்டத்தை எண்ணிவிட வேண்டாம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்த ஆடவர் ஒருவர் மீதொருவர் மோதி விழும் அமெரிக்க ஆட்டம் அது. கால் அதில் அவ்வப்போதுதான் வேலை செய்கிறது!)

இத்துணை வெறிக்குக் காரணம் எளிது. அமெரிக்காவின் பெருநகரங்களில் ஊதியம் பெற்று ஆடும் தொழில்முறைக் குழுக்கள் உள்ளன. அலபாமாவில் அத்தகைய முதன்மைக் குழு எந்த ஆட்டத்திலும் இல்லை. ஆகவே மக்களின் பற்று முழுவதும் கல்லூரிப் பிள்ளைகளின் மீது வந்து இறங்கிவிட்டது. ஆபர்ன் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 76,000. அந்நகரின் ஜோர்டன்-ஹேர் விளையாட்டரங்கிலோ 88,000 இருக்கைகள்! டஸ்கலூசாவின் பிரையண்ட்-டென்னி அரங்கில் ஒரு லட்சம் பேர் அமரலாம். அந்த நகரில் வாழ்வோரும் ஏறத்தாழ அத்தனை பேரே. ஊரினும் பெரிய அரங்கைக் கட்டி வைத்துக்கொண்டு வாழும் மக்கள் அவர்கள்.

என் ராத்தாவின் மகன் ஆபர்னில் பொறியாளராகப் பணியாற்றுகிறார். அவர் இல்லத்தில் ஒரு மாத காலம் தங்கும் வாய்ப்பு 2023 நவம்பரில் எனக்குக் கிட்டியது. அட்லாண்டா விமான நிலையத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பயணம். வண்டியில் ஏறியதும் மருமகன் என் கையில் ஒரு தொப்பியைத் தந்தார். கருநீலமும் செம்மஞ்சளும் கலந்த தொப்பி.

"மாமா, இதைப் போட்டுக்கிட்டா யாராவது 'வார் ஈகிள்'னு சொல்லுவாங்க. நீங்களும் 'வார் ஈகிள்'னு திருப்பிச் சொல்லிடுங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம். நின்னு பேசணும்னும் இல்லை."

"யார் சொல்வார்கள்?"

"எல்லாரும்தான் மாமா!"

அவர் கூறியது மிகையன்று. அன்றே, வழியில் ஒரு கடையில் பழச்சாறு வாங்க நின்ற இடத்தில், என்னினும் வயதில் மூத்த ஒரு வெள்ளையர் கடந்து செல்கையில் என் தொப்பியைப் பார்த்தார். தலையை ஒரு விரற்கடை தாழ்த்தினார். "வார் ஈகிள்" என்றார். நானும் அவ்வாறே கூறினேன். அவர் நடையைத் தளர்த்தவுமில்லை. இரண்டு வினாடியில் முடிந்துபோன அந்த அறிமுகத்திற்குப் பின்னர், அக்கடை எனக்கு முன்பின் அறியாத கடையாகத் தோன்றவில்லை.

'போர்க்கழுகு' என்பது அச்சொல்லின் பொருள். ஆபர்னின் குழுவுக்குப் பெயர் 'புலிகள்'. புலிகளை வாழ்த்துவதற்குக் கழுகை ஏன் அழைக்க வேண்டும்? இதற்கு விடையாகப் பல கதைகள் உண்டு. மிகுதியும் சொல்லப்படுவது 1892ஆம் ஆண்டுக் கதை. அவ்வாண்டு பிப்ரவரி 20 அன்று அட்லாண்டா நகரில் ஆபர்ன் தன் அண்டை மாநிலமாகிய ஜார்ஜியாவின் பல்கலைக் கழகத்தோடு முதன்முதலாக மோதியது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற ஒருவர், போர்க்களத்தில் கண்டெடுத்து வளர்த்த கழுகோடு ஆட்டம் காண வந்திருந்தாராம். கழுகு அவர் பிடியிலிருந்து எழுந்து ஆடுகளத்தின் மேல் வட்டமிட்டதாம். கூட்டம் "போர்க்கழுகு!" என்று ஆர்ப்பரிக்க, ஆபர்ன் வென்றதாம், ஆட்டம் முடிந்த கணத்தில் கழுகு விழுந்து மாண்டதாம். ஆபர்ன் 10-0 என்ற கணக்கில் வென்றது மெய். கழுகின் வரலாற்றை ஊராரே புன்னகையோடுதான் சொல்கின்றனர். ஆயினும் 2000ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்திற்கும் முன்னர் உயிருள்ள கழுகு ஒன்றை அரங்கின் மேலே பறக்கவிட்டு வருகின்றனர். அது வட்டமிடும் நேரமெல்லாம் "வா...ர்" என்று நீட்டப்படும் ஓசை, கழுகு தரையிறங்கியதும் "ஈகிள்" என்று முடிந்து அடங்குவதைத் தெருக்கோடியில் நின்றும் கேட்கலாம்.

எதிர்க்கட்சியின் முழக்கம் 'ரோல் டைட்'. 'அலையே, புரண்டு வா!' என்று தமிழாக்கிக்கொள்ளலாம். கடற்கரையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள டஸ்கலூசாவுக்கு அலை எங்கிருந்து வந்தது என்று நீங்கள் வினவலாம். சேற்றிலிருந்து வந்தது! 1907ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரில் இவ்விரு குழுக்களும் மோதியபோது மழையால் களம் செஞ்சேறாகிக் கிடந்தது. வெள்ளுடை அணிந்த அலபாமாப் பிள்ளைகள் உடலெல்லாம் செம்மண் நிறமாகி, தம்மினும் வலிய ஆபர்னை 6-6 என்று நிறுத்திவிட்டனர். அதைக் கண்டு எழுதிய ஹியூ ராபர்ட்ஸ் என்ற பத்திரிகையாளர் அவர்களைச் 'செவ்வலை' என்று வருணித்ததாகவும், அப்பெயரே நிலைத்துவிட்டதாகவும் வரலாறு கூறுவர்.

அந்த 1907 ஆட்டத்திற்குப் பின் நடந்ததுதான் வேடிக்கை. ஆட்டக்காரர்களுக்கு நாள்படி எத்தனை டாலர், நடுவர் எவ்வூரார் என்ற அற்பப் பிணக்கில் இரு கல்லூரிகளும் பேச்சை முறித்துக்கொண்டன. ஓராண்டு, ஈராண்டு அல்ல, 41 ஆண்டுகள்! இரண்டு உலகப் போர்கள் தொடங்கி முடிந்தன. இவ்விருவரும் ஒரே களத்தில் கால் வைக்கவில்லை. பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டல்லவா? பாட்டனார் காலத்து வரப்புச் சண்டைக்காகப் பேரர்கள் ஒரே திருமணப் பந்தலில் முகம் திருப்பி அமர்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். இறுதியில் மாநிலச் சட்டமன்றமே தலையிட்டுப் பேச வைத்தது. 1948 டிசம்பர் 4 அன்று, ஆட்டம் தொடங்குமுன், இரு கல்லூரிகளின் மாணவர் தலைவர்களும் பர்மிங்காம் பூங்கா ஒன்றில் குழி தோண்டி ஒரு கைக்கோடரியைப் புதைத்தனர். பகையைப் புதைத்தோம் என்பதற்கு அந்நாட்டார் கையாளும் அடையாளம் அது. அன்றைய ஆட்டத்தில் அலபாமா 55-0 என்று வென்றது. கோடரியை அவ்வளவு ஆழமாகப் புதைக்கவில்லை போலும்!

இனி, இம்முழக்கங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஒழுங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது எந்த நூலிலும் எழுதி வைக்கப்பட்டதன்று. ஒரு மாத காலம் கடைத்தெருவிலும், மருத்துவமனைக் கூடத்திலும், பள்ளிக்கூட வாசலிலும் நான் கண்டும் கேட்டும் அறிந்தது.

அடையாளம் அணிந்தவரிடம் மட்டுமே முழக்கம் கூறப்படுகிறது. தொப்பி, சட்டை, வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிய எழுத்து ஆகியன 'என்னிடம் நீங்கள் பேசலாம்' என்னும் அனுமதிச் சீட்டுகள். யார் முதலில் காண்கிறாரோ அவர் முதலில் கூறுகிறார். சிறியவர், பெரியவர் என்ற வரிசை இதில் இல்லை. மறுமொழியும் அதே சொல்லே. மறுமொழி கூறாது செல்வது, நீட்டிய கையைப் பற்றாது விடுவதற்கு ஒப்பானது. குரலுக்கும் அளவுண்டு. அரங்கில் தொண்டை கிழியக் கத்துபவரே கடையில் வாய்க்குள் முணுமுணுப்பதைப் போலத்தான் கூறுகிறார். மருத்துவமனையில் அச்சொல் ஆறுதலாகி விடுகிறது. விடைபெறுகையில் 'போய் வருகிறேன்' ஆகிறது. உதவி பெற்றால் நன்றியாகிறது. நாளிதழில் வெளியாகும் மரண அறிவிப்புகளைக்கூட அச்சொல்லோடு முடிக்கும் வழக்கம் அங்குண்டு.

ஸலாமுக்கு மறுமொழி கூறாதிருத்தல் எத்துணைப் பெரிய குறை என்பதைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட நமக்கு இவ்வொழுங்கு வியப்பளிக்காது. இரண்டையும் நான் ஒப்பிடவில்லை. ஸலாம் ஒரு துஆ. முழக்கமோ ஒரு விளையாட்டுக் குழுவின் பெயர். எனினும், முதலில் கூறுவோர், மறுமொழி தருவோர், கடந்து செல்வோர் என்ற அந்த ஒழுங்கு எனக்குப் பழகிய ஒன்றாகவே இருந்தது. எங்கள் தெருவில் இன்று எதிரெதிரே வரும் இளைஞர் கைப்பேசியைப் பார்த்தபடி ஒருவரையொருவர் கடந்து செல்வதையும் அங்கே நின்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்க்கட்சியாரைச் சந்தித்தால்? இங்கேதான் நயம் தேவைப்படுகிறது. "ரோல் டைட்" என்று கூறுபவருக்கு ஆபர்னைச் சேர்ந்தவர் முகம் மலர்ந்து "வார் ஈகிள்" என்று திருப்பிக் கூறலாம். அது வம்பன்று, கேலியுறவு. மைத்துனர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வதைப் போன்றது. ஆனால் புன்னகை இல்லாவிடில் அதே சொல் வசையாகி விடும். தோற்ற குழுவின் தொப்பி அணிந்தவரிடம், தோற்ற நாளில், வென்றவர் தாமாக முந்திக்கொண்டு முழக்கமிடுவதைப் பெரியவர்கள் பண்பற்ற செயலாகவே கருதுகின்றனர். இளைஞர்கள் அதைத்தான் செய்கின்றனர் என்பது வேறு.

அலபாமாவுக்கு மட்டுமே உரிய வழக்கமன்று இது. வடக்கே ஒஹாயோ மாநிலப் பல்கலைக் கழகத்தின் அன்பர்கள், மாநிலத்தின் பெயரையே இரண்டாக வெட்டி வைத்திருக்கின்றனர். ஒருவர் "ஓ-ஹெச்" என்று பாதியைக் கூவ, மற்றவர் "ஐ-ஓ" என்று மீதியை நிறைவு செய்ய வேண்டும். அந்நிய நாட்டு விமான நிலையங்களிலும் அந்தப் பாதிச் சொல் மறுபாதியைத் தேடி அலைகிறதாம். பாதியில் விட்ட சொல்லை முடித்துக் கொடுக்காமல் நகர்வதற்கு மனம் வராது; ஏற்பாடு செய்தவர் கெட்டிக்காரர்!

வெளியூரில் இம்முழக்கங்களின் மதிப்பு பன்மடங்காகிறது. மருமகன் உம்ரா செல்லும் வழியில் இஸ்தான்புல் விமான நிலையத்தில் அமர்ந்திருந்தபோது, எங்கிருந்தோ "வார் ஈகிள்" என்ற குரல் கேட்டதாம். அலபாமாவில் இரண்டு வினாடியில் முடிந்திருக்க வேண்டிய பேச்சு, அங்கே ஒரு மணி நேரம் நீண்டதாகக் கூறினார். கூப்பிட்டவர் ஓர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஊரில் எந்தக் கடையில் எலுமிச்சைச் சாறு நன்றாக இருக்கும் என்பது முதற்கொண்டு பேசித் தீர்த்தனராம்.

மருமகனின் இல்லத்தரசி கூறிய செய்தி வேறு வகையானது. அவர் வெளியே செல்கையில் தலையை மறைக்கும் முக்காட்டோடுதான் செல்வார். ஒரு நாள் நானும் அவரும் பெட்ரோல் நிலையத்தில் நின்றிருந்தோம். அடுத்த குழாயருகே சேறு படிந்த பெரிய வண்டியோடு நின்ற மனிதர், அவருடைய முக்காட்டையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பார்வை எனக்கு உவப்பாக இல்லை. பின்னர் அவர் கண்கள் எங்கள் வண்டியின் பின்கண்ணாடிக்குச் சென்றன. அதில் ஆபர்னின் எழுத்து ஒட்டியிருந்தது. முகம் இளகியது. "வார் ஈகிள், மேம்" என்றார். இவரும் அமைதியாக மறுமொழி கூறினார். அம்மனிதர் தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறிச் சென்றார்.

வீடு திரும்புகையில் நான், "பார்த்தாயாம்மா, இரண்டு சொல் எப்படி வேலை செய்கிறது!" என்று மகிழ்ந்தேன்.

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கூறினார்: "சந்தோஷந்தான் மாமா. ஆனா அந்த ஸ்டிக்கர் இல்லாத வண்டியில நான் வந்திருந்தா, அவர் பார்த்த பார்வை எங்கே போய் முடிஞ்சிருக்கும்? அதைத்தான் நான் நினைச்சுக்கிட்டு வர்றேன்."

இதற்கு என்னிடம் விடையில்லை. அவரே தொடர்ந்தார். முதலாண்டில் அந்த ஒட்டுத்தாளை அச்சத்தினால்தான் ஒட்டினாராம். இப்போது அச்சமில்லை, பிள்ளைகள் அவ்வூர்ப் பள்ளியில் படிக்கின்றனர், ஆட்டம் தோற்றால் இவருக்கே இரவு உணவு இறங்குவதில்லை. "முதல்ல அது எனக்குக் குடை மாதிரி மாமா. இப்போ அது என் ஊர்" என்றார்.

அவ்வுரையாடல் மனத்தில் நின்றதால்தான் டஸ்கலூசாவைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். மேற்கே மூன்று மணி நேரத்திற்குச் சற்றுக் குறைந்த பயணம். (அன்று அந்தத் தொப்பியை வீட்டிலேயே வைத்துவிடுமாறு மருமகன் அறிவுறுத்தினார்!) பிளாக் வாரியர் ஆற்றங்கரையில் அமைந்த அழகிய நகரம். செங்கற் கட்டடங்கள், பெரிய மரங்கள், டென்னி சைம்ஸ் என்னும் மணிக்கூண்டு. எல்லாவற்றையும் விரைவாகவே பார்த்தேன். நான் நின்று பார்த்தது ஃபாஸ்டர் மண்டபத்தின் வாயிலை. 1963 ஜூன் 11 அன்று, விவியன் மலோன், ஜேம்ஸ் ஹூட் என்னும் கறுப்பின மாணவர் இருவர் கல்லூரியில் சேர வந்தபோது, மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வழி மறித்து நின்ற வாயில் அது. நடுவணரசின் ஆணை வந்த பின்னரே அவர் விலகினார். இதற்கும் ஏழாண்டுகள் முன்னர், 1956இல், ஆதரின் லூசி என்ற கறுப்பினப் பெண் அக்கல்லூரியில் சேர்ந்து, கலகக் கும்பலின் காரணமாகச் சில நாட்களிலேயே வெளியேற்றப்பட்டார். இன்று அம்மூவரின் பெயரும் அம்மண்டபத்தின் முன்னே உள்ள முற்றத்திலும் மணிக்கோபுரத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன.

ஆபர்னும் பெருமை கொள்வதற்கில்லை. 1964 சனவரியில் அங்கே சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் ஹெரால்டு ஃபிராங்க்ளின், விடுதியின் ஒரு பகுதியில் தனியே தங்க வைக்கப்பட்டார். அவருடைய முதுகலை ஆய்வேடு மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பப்பட, அவர் பட்டமின்றியே வெளியேறினார். அப்பட்டத்தை அப்பல்கலைக் கழகம் 2020ஆம் ஆண்டில்தான் அவருக்கு வழங்கியது. அப்போது அவர் முதியவர். மறு ஆண்டே மறைந்தார்.

கால்பந்துக் குழுக்களின் கதவு இன்னும் தாமதமாகவே திறந்தது. ஆபர்னில் ஜேம்ஸ் ஓவன்ஸ் 1970இலும், அலபாமாவில் ஜான் மிட்செல், வில்பர் ஜாக்சன் ஆகியோர் 1971இலும் முதன்மைக் குழுவில் ஆடத் தொடங்கினர். அதற்கு முன்னரும் அரங்கங்களில் இதே முழக்கங்கள்தாம் எழுந்தன. எவர் வாயிலிருந்து எழலாம் என்பதில்தான் எல்லையிருந்தது. இன்று இரு குழுக்களின் ஆட்டக்காரரில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர். அவர்கள் பெயர் பொறித்த சட்டையை வெள்ளைச் சிறுவன் அணிந்து செல்வதை எல்லாக் கடைத்தெருவிலும் காணலாம். என் மருமகனின் இல்லத்தரசி கேட்ட கேள்வியை அந்நாட்டில் அவருக்கு முன்னரே கேட்டவர்கள் பலர் இருந்திருக்கின்றனர்.

முழக்கம் நஞ்சாகிய கதையும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஆபர்ன் நகரின் நடுவே டூமர்ஸ் முனை என்று ஒரு நாற்சந்தி இருக்கிறது. அங்கே நின்ற இரண்டு முதிய ஓக் மரங்கள் ஊராரின் செல்லப் பிள்ளைகள். ஆபர்ன் வெல்லும்போதெல்லாம் மக்கள் அங்கே திரண்டு, காகிதச் சுருள்களை வீசி மரங்களை வெண்பனி படர்ந்தாற்போல ஆக்கிவிடுவர். 2010 நவம்பர் 26 அன்று டஸ்கலூசாவில் நடந்த ஆட்டத்தில் 24-0 என்று பின்தங்கியிருந்த ஆபர்ன், 28-27 என்று வென்றது. ஊரே மரத்தடியில் கூடிக் களித்தது. அலபாமாக் குழுவின் அன்பர் ஒருவரால் இதைத் தாங்க முடியவில்லை. களைக்கொல்லியைக் கொண்டுவந்து மரங்களின் வேரில் ஊற்றினார். அடுத்த சனவரியில் வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்குத் தாமே தொலைபேசியில் பேசி, செய்ததைப் பெருமையோடு அறிவித்தார். அப்பேச்சை அவர் முடித்தது தம் கட்சியின் முழக்கத்தோடு! மக்கள் அன்பர் என்று அறிந்துகொள்ளக் கூறும் அதே சொல், அன்று குற்றத்தின் கையொப்பம் ஆயிற்று. அவர் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். மரங்களைக் காக்க இயலாமல் அதே ஆண்டு ஏப்ரலில் வெட்டி அகற்றினர். 2015இல் புதிய ஓக் மரங்கள் நடப்பட்டன. அடுத்த ஆண்டே ஒரு மரத்திற்கு எவரோ தீ வைத்துவிட, 2017இல் மீண்டும் நட்டனர்.

நஞ்சிடப்பட்ட செய்தி 2011 பிப்ரவரியில் வெளியானபோது, மாநிலமே இரண்டுபட்டு மோதிக்கொள்ளும் என்று பலர் அஞ்சினர். மாறாக, அலபாமாக் கட்சியினரே முன்வந்து, ஆபர்ன் மரங்களுக்கென நிதி திரட்டினர். பத்து வாரங்கள் கழிந்தன. ஏப்ரல் 27 அன்று டஸ்கலூசாவைப் பெருஞ்சூறாவளி தாக்கியது. பர்மிங்காம் வரை சென்ற அச்சுழற்காற்று ஒன்றே 64 உயிர்களைக் குடித்தது. ஆபர்னிலிருந்து உணவும் உடையும் குடிநீரும் ஏற்றிய வண்டிகள் புறப்பட்டன. 'டூமர்ஸ் முனையிலிருந்து டஸ்கலூசாவுக்கு' என்னும் பொருள்பட அத்தொண்டர்கள் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர். நீல, செம்மஞ்சள் சட்டையணிந்தோர், இடிந்த வீடுகளின் கூரையைச் செஞ்சட்டைக்காரர்களோடு சேர்ந்து தூக்கிய அந்நாட்களை இரு தரப்பாரும் இன்றும் நினைவுகூர்கின்றனர்.

நான் அங்கிருந்த 2023 நவம்பர் 25ஆம் நாள் சனிக்கிழமை, ஆண்டின் பேராட்டம் ஆபர்னிலேயே நடந்தது. அதற்கு 'அயர்ன் பவுல்' என்று பெயர். இரும்பாலைகள் நிறைந்த பர்மிங்காமில் முன்னர் ஆடப்பட்டதால் வந்த பெயர். காலை முதலே ஊரெங்கும் கூடாரங்கள். அடுப்புகளில் இறைச்சி வாட்டும் புகை. விலக்கப்பட்ட உணவும் பானமும் அங்கே மிகுதி என்பதால் மருமகனும் நண்பர்களும் தனியே ஒரு கூடாரம் அமைத்து, ஹலாலான கோழி கபாபும் பிரியாணியும் கொண்டு சென்றிருந்தனர். கூடாரத்தின் பக்கம் எட்டிப் பார்த்த செஞ்சட்டைக்காரர் இருவர், "ரோல் டைட்" என்று கூறிவிட்டுத் தயங்கி நின்றனர். "வார் ஈகிள்" என்று பதில் வந்தது. கூடவே இரண்டு தட்டுகளும் வந்தன.

ஆட்டத்தை வீட்டில் தொலைக்காட்சியில் கண்டோம். அரங்கம் அருகிலேயே இருந்ததால் ஒரு விந்தை நேர்ந்தது. தொலைக்காட்சிப் படம் சில வினாடி தாமதித்தே வருகிறது. அரங்கின் ஆரவாரமோ நேராகச் சன்னல் வழியே வந்துவிடுகிறது. ஆகவே நடக்கப் போவதை அறிந்த பின்னரே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்! மஃரிப் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தபோது ஆட்டம் இழுபறியில் இருந்தது. இறுதியில் ஆபர்ன் 24-20 என்று முந்தி நின்றது. அலபாமாவுக்கு ஒரே ஒரு வாய்ப்பு எஞ்சியது. 31 கெஜம் கடந்தாக வேண்டும். திரையில் பந்து எறியப்படுமுன்னரே, சன்னலுக்கு வெளியே இருந்த பேரிரைச்சல் சட்டென்று அடங்கியது. "போச்சு" என்றார் மருமகனின் இல்லத்தரசி. அதன் பின்னர்தான் திரையில் பந்து பறந்து சென்று, மூலையில் நின்ற அலபாமா வீரரின் கைகளில் விழுந்தது. 27-24. ஆட்டம் முடிய 32 வினாடிகளே மிச்சம்.

அன்றிரவு மரங்களின் மேல் காகிதம் பறக்கவில்லை. தெருவில் நடந்தோரின் குரலில் துக்க வீட்டின் அடக்கம் இருந்தது. செஞ்சட்டையணிந்த ஒரு தந்தையும் மகனும் எங்கள் வாசல் வழியே வண்டியை நோக்கிச் சென்றனர். திண்ணையில் எங்களைக் கண்ட சிறுவன் வாயைத் திறந்தான். தந்தை அவன் தோளில் மெல்லக் கை வைத்தார். சிறுவன் வாயை மூடிக்கொண்டான். "நல்ல ஆட்டம்" என்று மட்டும் தந்தை கூறிச் சென்றார்.

அடுத்த வீட்டில் கணவர் ஆபர்ன், மனைவி அலபாமா. இத்தகைய இல்லங்களுக்கென்றே இரு குழுக்களின் அடையாளமும் பாதிப் பாதியாகப் பொறித்த 'பிளவுபட்ட வீடு' என்னும் கொடி கடைகளில் கிடைக்கிறது. அவர்கள் வாசலிலும் அது பறந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை அவ்வம்மையார், தாம் சுட்ட பெக்கன் பருப்புப் பணியாரத்தைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். செந்நிற ஆடை எதையும் அன்று அவர் அணிந்திருக்கவில்லை. கதவைத் திறந்த மருமகனின் இல்லத்தரசி, "சொல்லிடுங்க, பரவாயில்லை" என்று சிரித்தார்.

"நாளைக்குச் சொல்லிக்கொள்கிறேன்" என்று கூறிவிட்டு, தட்டை நீட்டினார் அவர்.